அது ஊர்ப் பழமொழி இல்லை, மகளே

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

நீ புதிதாகத் தொடங்குகிற கந்தோரின் திறப்பு விழாவுக்கு நான் ஏன் வரப்போவதில்லை என்று இதுவரை மூன்று பேருக்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறேன். உனக்கு முழங்கால் வலி என்றேன். உன் அம்மாவிடம், அவ்வளவு நேரம் விமானத்தில் அடைந்து கிடந்தால் மூச்சு முட்டும் என்றேன். பங்குச் சுவாமியாரிடம், முருங்கனில் ஒரு வயற்காணி முடிகிற தறுவாயில் இருக்கிறது, நான் இல்லாவிட்டால் குழம்பிவிடும் என்றேன். மூன்றும் பொய். இன்று காலையும் தாழ்வுபாட்டு ரோட்டில் சைக்கிள் மிதித்துவிட்டுத்தான் வந்தேன். முருங்கன் காணி போன மாதமே கைமாறிவிட்டது, அதுவும் என் மூலமாக இல்லை. சுவாமியாரிடம் பொய் சொன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதையும் அவரிடமே போய்ச் செய்ய வேண்டும் என்பதுதான் சங்கடம். உனக்குச் சொல்ல வேண்டிய உண்மையைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து "அப்பா, அப்பா" என்று என்னைக் குழப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மகளே, எனக்கு உன்மேல் பொறாமை.

பெற்ற பிள்ளைமேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். நீ ஒரு டொக்டராக வந்திருந்தால் பட்டிருக்க மாட்டேன். இஞ்சினியராக வந்திருந்தால் ஊரெல்லாம் கேக் கொடுத்திருப்பேன். அவை எனக்குத் தெரியாத உலகங்கள், அங்கே நீ எவ்வளவு உயரம் போனாலும் எனக்கு அண்ணாந்து பார்க்கக் கழுத்து நோகாது. ஆனால் நீ வந்து நிற்பது என் இடத்தில். வீடு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கும் கடன் கொடுக்கிற வங்கிகளுக்கும் நடுவில் நின்று, யாரிடம் எடுத்தால் அவர்களுக்கு நல்லது என்று பார்த்துக் கொடுக்கிறாய். நான் காணி விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நிற்கிறேன். நீயும் புரோக்கர், நானும் புரோக்கர். நீ படித்தாய், பரீட்சை எழுதினாய், முதலில் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்த்தாய், திரும்பவும் படித்துத் திரும்பவும் எழுதினாய், இப்போது ரொறன்ரோவில் உன் பெயரிலேயே கந்தோர் திறக்கிறாய். நான் மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை மர வாங்கில் உட்கார்ந்தவன், இன்னும் அதே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லைசென்ஸ் கிடைத்த அன்று அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, படம் எடுத்து அனுப்பினாய் அல்லவா. உன் அம்மா அன்றே ஸ்டூடியோவுக்குப் போய் அதைப் பெரிதாக அடித்துக்கொண்டு வந்து, விறாந்தையில் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அந்த ஆணியில் அதுவரை தொங்கியது எங்கள் கல்யாணப் படம். அது இப்போது படுக்கை அறை அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். "எங்கட கலியாணம் எல்லாருக்கும் தெரியும்தானே, இது புதுசு" என்றாள். அதற்கு அடுத்த ஞாயிறு பூசையில் வாசிக்க உன் பெயரில் நன்றிக் கருத்தும் எழுதிக் கொடுத்திருந்தாள். சுவாமியார் நல்ல மனுஷன், நிறுத்தி நிதானமாக வாசித்தார்: கனடாவில் புரோக்கர் பரீட்சையில் சித்தியடைந்த எங்கள் பங்கு மகளுக்காக. பின்வரிசையில் ஆண்கள் நிற்கிற பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் முன்னால் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். உனக்கு லீனஸைத் தெரியும், என்னைப் போலவே காணித் தரகு செய்கிறவன், நான் கண் வைத்த காணியிலெல்லாம் எனக்கு முன்னால் போய்க் கால் வைக்கிறவன். அவன் எல்லோருக்கும் கேட்க, "புரோக்கரின்ர மகளும் புரோக்கராமே! குடும்பத் தொழில் விடுபடேல்லை" என்றான். அதுகூட எனக்கு வலிக்கவில்லை, அவன் வாய் அப்படித்தான். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அவனைத் திருத்தினார் பார், அதுதான் வலித்தது. "விசர்க் கதை கதையாதை லீனஸ். அது லைசென்ஸ் உள்ள புரோக்கர். இவையைப் போலயே?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள், லீனஸும் ஆட்டினான். வெட்கமில்லாமல் நானும் ஆட்டினேன். எனக்காக ஒருவர் பரிந்து பேசி என்னையே மட்டம் தட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாததில்லை. காணி உறுதிப் பத்திரம் எழுதி முடியும் வரைக்கும் புரோக்கர்தான் உறவு. "அண்ணை வாங்கோ, அண்ணை இருங்கோ" என்று கதிரை இழுத்துப் போடுவார்கள். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வீட்டுப் படியிறங்கியதும் அதே மனுஷர் வானத்தைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். அதனால் நாங்களும் இரண்டு பக்கத்திலும் கொமிஷன் வாங்கப் பழகிக்கொண்டோம். விற்கிறவரிடம் வாங்கியது வாங்குகிறவருக்குத் தெரியாது, வாங்குகிறவரிடம் வாங்கியது விற்கிறவருக்குத் தெரியாது, இரண்டு பேருக்கும் சந்தேகம் மட்டும் தெரியும். நீ ஒருநாள் போனில் சொன்னாய், உனக்கு வங்கி என்ன தருகிறது என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்று. நான் சிரித்தேன். "அதைச் சொன்னா ஆர் பிள்ளை உன்னட்ட வருவினம்?" என்று கேட்டேன். "சொல்லுறபடியாத்தான் அப்பா வருகினம். சொல்லாட்டி லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள்" என்றாய். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்குகிற கூலியை வாய் திறந்து சொல்லிவிட்டு அதற்குப் பிறகும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? உன் வீட்டைப் பார்த்தோ காரைப் பார்த்தோ நான் எரிந்ததில்லை, அந்த உட்காருதலைப் பார்த்துத்தான் எரிந்தேன்.

சரி, எரிச்சலின் அடியில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கொன்வென்ட்டுக்கு உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். பின் மட்காட்டில் "காணி, வீடு, விற்க வாங்க" என்று பெயின்ற் அடித்து என் போன் நம்பரும் எழுதியிருந்தது. பள்ளிக்கூடக் கேற்றடிக்கு முன்னால் ஒரு பெருக்கமரம் வரும். அதற்கு மறைவில் நிறுத்தச் சொல்லுவாய். "இதில இறங்கி நடக்கிறன் அப்பா" என்பாய். நடப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன், உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. விளங்கியது உன் கல்யாணத்தன்று. பங்கு மண்டபத்தில் கதிரை போதாமல் போய், பின் அறையிலிருந்து நான் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மருமகனின் பெரியம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்ன செய்யிறார் பிள்ளை?" என்று கேட்டார். "அப்பா பிசினஸ், பெரியம்மா" என்றாய். "என்ன பிசினஸ்?" என்று கேட்டார். நீ உன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அது, கன விதமான பிசினஸ்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் பின்னால் நின்றதை நீ காணவில்லை. கையில் இருந்த கதிரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பவும் பின் அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. நம்பு. புரோக்கர் என்றால் ஊரில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாதா, புது உறவுக்காரருக்கு முன்னால் பிள்ளை கூசுகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது நீ அனுப்பிய விசிட்டிங் கார்ட்டைப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே பொன்னிற எழுத்தில், தமிழிலும் போட்டிருக்கிறாய், "புரோக்கர்" என்று. நீ வாயில் எடுக்கக் கூசிய அதே சொல். நான் சுமந்தபோது அது மட்காட்டில் கிடந்தது, நீ எடுத்ததும் பொன் பூசிக்கொண்டுவிட்டது. அந்தக் கார்ட்டை உன் அம்மா தன் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். எனக்கும் ஒன்று தந்தாள். நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இனி அந்தக் கிணற்றுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் என் பொறாமை தலைக்கு ஏறியது அங்கேதான். நீ பிறப்பதற்கு முன்னால், தொழிலுக்கு வந்த புதிதில், கையில் சேர்ந்ததை வைத்துப் பேசாலைப் பக்கம் எனக்கென்று ஒரு காணி வாங்கினேன். இந்த மன்னார்த் தீவில் காணிக்கு விலை மண்ணில் இல்லை, கிணற்றில்தான் இருக்கிறது. கிணற்றைப் பார்த்துத்தான் வாங்கினேன். மார்கழி மாதம். மாரி மழை கொட்டி ஓய்ந்திருந்தது. வாளியில் அள்ளிக் குடித்தேன், சீனி போட்ட மாதிரி இனித்தது. அன்றே முடித்தேன், அத்திவாரமும் போட்டேன். சோளகக் காற்று எழும்பி வெயில் ஏறிய மாதம் வேலையாட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். மேசன் ஒரு மிடறு குடித்துவிட்டு, மரியாதைக்காக மிச்சத்தை மெல்ல மணலில் ஊற்றினார். உப்புக் கரித்தது. மழைத் தண்ணீர் மேலே மிதந்த நாளில் குடித்துவிட்டு, கிணறு நல்ல கிணறு என்று நம்பிய மடையன் நான். ஊரை ஏமாற்றுகிற புரோக்கர்கள் உண்டு, தன்னையே ஏமாற்றிய புரோக்கர் இந்தத் தீவில் நான் ஒருவன்தான். "ஊருக்குக் காணி பாத்துக் குடுக்கிறவனுக்குத் தனக்கொரு காணி பாக்கத் தெரியேல்லை" என்று உன் மாமன்மார் சிரித்தார்கள். அந்த அத்திவாரத்தில் இப்போது கழுதைகள் படுக்கின்றன. நான் இன்றுவரைக்கும் உன் அம்மாவின் சீதன வீட்டில்தான் படுக்கிறேன்.

அதற்குப் பிறகு, வீடு கட்டக் காணி தேடி வந்த யாரிடமும் நான் மாரியில் கொமிஷன் தொட்டதில்லை. "மாரியில குடிச்ச தண்ணியை நம்பிக் காணி வாங்காதேங்கோ, சோளகத்தில வந்து குடிச்சுப் பாத்திட்டு வாங்குங்கோ" என்பேன். அந்த வசனம் என் வாயில் பிறந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நீ வீட்டில் இருந்த காலத்தில், உயிலங்குளத்திலிருந்து ஒரு ஆசிரியத் தம்பதி வந்தார்களே, ஞாபகமா? தீவுக்குள் வீடு கட்ட வேண்டும் என்றார்கள். பொழுதுபோகவில்லை என்று நீயும் என்னோடு வந்திருந்தாய். அவர்களிடமும் அதைத்தான் சொன்னேன், ஆடியில் வாருங்கள் என்றேன். அவர்கள் தையிலேயே லீனஸிடம் வேறு காணி வாங்கிவிட்டார்கள். "வந்த லட்சுமியைக் காலால தள்ளுற ஒரு மனுஷன்" என்று உன் அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடியில் அந்த ஆசிரியை எங்கள் வீட்டு வாசலில் ஒரு போத்தல் தண்ணீரோடு வந்து நின்றார். நீதான் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, முற்றத்தில் துப்பினாய். "ஐயோ அப்பா, கடல்" என்றாய். எனக்கு அன்று ஒரு சதமும் வரவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் நீ பார்த்தாய்.

போன மாதம் நீ அந்த இணையத் தமிழ் நிகழ்ச்சியில் பேசியதை அம்மா எனக்குப் போட்டுக் காட்டினாள். கோட்டுப் போட்டுக்கொண்டு வடிவாக உட்கார்ந்திருந்தாய். சொன்னாய்: "எங்கட ஊரில ஒரு பழமொழி இருக்கு. மாரியில குடிச்ச தண்ணியை நம்பிக் காணி வாங்காதே, சோளகத்தில குடிச்சுப் பாத்து வாங்கு. மோட்கேஜ் எண்ட வீட்டுக் கடனும் அப்பிடித்தான். தொடக்கத்தில இருக்கிற வட்டியைப் பாத்து மயங்காதேங்கோ. நாளைக்கு வட்டி ஏறினா மாசம் எவ்வளவு கட்டவேண்டி வரும், அதை உங்களால கட்ட ஏலுமோ, அதைப் பாருங்கோ." பேட்டி எடுத்த பிள்ளை கை தட்டினாள். உன் அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து போய், ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய தென்னம்பிள்ளைக்குத் திரும்பவும் ஊற்றினேன். ஊரில ஒரு பழமொழியாம்! எந்த ஊரில்? யார் சொன்ன பழமொழி? என் முதல் உழைப்பு முழுவதும் உப்புத் தண்ணீரில் போய் நான் கண்ட வசனம் அது. அதை எடுத்து, என் பெயரைக் கழற்றிவிட்டு, ஊருக்குக் கொடுத்துவிட்டாய். உன் கோட்டைவிட, உன் லைசென்ஸைவிட, அந்தக் கைதட்டலில்தான் நான் வெந்துபோனேன்.

அடுத்த நாள் கடையில் லீனஸ் அதைத் தன் போனில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். "பழைய ஆக்கள் சும்மாவோ சொன்னவை?" என்று வியந்தான். மாரித் தண்ணீரைக் காட்டிக் காணி விற்றவன் வியக்கிறான்! பொறுக்க முடியாமல், "அது பழைய ஆக்கள் சொன்னதில்லை, நான் சொன்னது" என்றேன். ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு லீனஸ், "என்னண்ணை, பழமொழிக்கும் கொமிஷன் கேக்கிறியளோ?" என்றான். கடையே சிரித்தது. அன்று பின்னேரம்தான் நீ போன் எடுத்து, உங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன், நீங்கள்தான் ரிபன் வெட்ட வேண்டும் என்றாய். முழங்கால் ஏலாது என்றேன். "என்னில கோவமோ அப்பா?" என்று கேட்டாய். "உன்னில எனக்கென்ன கோவம்" என்றேன். நீ உடனே, "நீங்கள் வராட்டி ரிபனை ஒருத்தரும் வெட்டத் தேவையில்லை, நான் கழட்டிப்போட்டு உள்ள போறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தப் பிடிவாதம் மட்டும் லைசென்ஸோடு வந்ததில்லை, அது என்னிடமிருந்து போனது.

பொறாமைக்காரன் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனாலும் சொல்கிறேன், தொழிலில் நான் உனக்கு மூத்தவன். வீடு வாங்க வருகிற புருஷன் பெண்சாதியில் யார் பேசாமல் இருக்கிறாரோ அவரைப் பார்த்துக் கேள்வி கேள், பயம் அங்கேதான் இருக்கும். கையெழுத்து வைக்க ஒருவர் தயங்கினால் பேனையை அவர் பக்கம் தள்ளாதே, தேத்தண்ணியைத் தள்ளு. சொந்தக்காரருக்கு வேலை செய்தால் அந்நியருக்குச் செய்வதைவிட இரண்டு மடங்கு எழுத்தில் வை. கடன் வேண்டாம், உங்களுக்கு இந்த வீடு இப்போது தாங்காது என்று சொல்ல வேண்டிய நாளில் சொல்லிவிடு. அவர்கள் லீனஸைப் போன்ற யாரிடமாவது போவார்கள், உன் வீட்டிலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதையெல்லாம் நீ ஏற்கெனவே செய்கிறாய் என்று மருமகன் சொன்னார். அதைக் கேட்டபோதும் எனக்குப் பெருமைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. பெருமை பின்னால் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது.

நேற்று உன் அம்மா உனக்கென்று கட்டாக் கருவாட்டை மூன்று பை போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே, "முழங்கால் எப்பிடியிருக்கு?" என்று கேட்டாள். உனக்குச் சொன்ன பொய் அவள் காதுக்கும் போயிருந்தது. பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெருக்கமரம், கதிரை, பழமொழி, எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இஞ்ச இருந்து பொறாமைப்படுறதை அங்க போயிருந்து படுங்கோவன். பிள்ளையையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு என் சட்டைகளையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஆகையால் வருகிறேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். ரிபனும் வெட்டுகிறேன். ஆனால் ஒன்று. உன் விழாவுக்கு வங்கிக்காரர் வருவார்கள், சட்டத்தரணிகள் வருவார்கள், மருமகனின் பெரியம்மாவும் வருவார். என் சேர்ட்டையும் என் கறுத்த முகத்தையும் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் உன்னிடம் கேட்காமல் இருக்க மாட்டார்: "அப்பா ஊரில என்ன செய்யிறார்?" அந்த நேரம் நான் வாய் திறக்க மாட்டேன். கதிரை தூக்கிக்கொண்டு ஒளியவும் மாட்டேன். உனக்குப் பக்கத்திலேயே நிற்பேன். நீ சொல்லப்போகிற பதிலைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறேன், மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா,
காணிப் புரோக்கர்,
மன்னார்.